எதிர்ப்பக்கச் சாலை காலியாக இருந்தது

கல்யாணமாகி நான் பெங்களூருக்குப் போகிறேன் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அது பெங்களூர் இல்லை. ஓசூர் ரோட்டில் சந்தாபுராவில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வெகுதூரம் உள்ளே போக வேண்டும். மொட்டை மாடியில் நின்றால் மூன்று பக்கம் ராகிக் காடு, ஒரு பக்கம் தைலமரத் தோப்பு. கம்பைநல்லூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிவதும் ஏறக்குறைய இதுதான். முதல் நாள் துணி காயப்போடப் போனவள், ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"காட்டப் பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "ரெண்டு வருசம் பொறு. இதெல்லாம் வூடாயிடும். அப்பறம் காட்டக் காட்டுங்கன்னு நீயே கேப்ப."

அவர் அப்படிச் சொன்னதில் ஆசை இருந்தது. அவருடைய பிழைப்பு அதில்தான். மொரப்பூர் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் அவருடையது. ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு பாயின் கண்ணாடிக் கடையில் அலுமினிய வேலை கற்றுக்கொண்டார். அலுமினியத்தை அளவாக வெட்டி, சட்டம் பூட்டி, கண்ணாடி ஏற்றி, வழுக்கித் திறக்கும் ஜன்னல் செய்வது. தருமபுரியில் அப்போது அந்த ஜன்னல் வைக்கிற வீடுகள் குறைவு. பெங்களூரில் அது இல்லாத வீடே கிடையாது என்று யாரோ சொல்ல, கிளம்பிப் போனவர்தான். வீடு கட்டக் கட்ட அவருக்கு வேலை.

அவர் சொன்னதைவிடச் சீக்கிரமே நடந்தது. முதலில் தைலமரத் தோப்பு போனது. பிறகு ராகிக் காட்டில் கல் நட்டார்கள். ஒரு அடுக்குமாடி எழும்பி, ஆட்கள் குடிவந்து, பால்கனிகளில் துணி காயத் தொடங்குவதற்குள் அதன் பின்னால் இன்னொன்று எழும்பிவிடும். காடு தெரிந்த இடத்தில் பக்கத்து வீட்டுச் சமையலறை தெரிந்தது. அவர்கள் தோசை வார்த்தால் எனக்கு வாசம் வரும், நான் மீன் கழுவினால் அவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்த ஜன்னலைச் செய்து பூட்டியதும் என் வீட்டுக்காரர்தான்.

இவ்வளவு பேரும் எங்கிருந்து வருகிறார்கள் என்று எனக்கு ஓரளவு புரிந்தது, நான் வேலைக்குப் போன பிறகுதான். பிரதான சாலையில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போட உட்கார்ந்தேன். சாமான் வைக்கக் கவர் வேண்டுமா என்ற ஒரே கேள்வியை, ஆளின் முகத்தைப் பார்த்து, கன்னடத்தில் 'கவர் பேக்கா' என்றும், தெலுங்கில் 'கவர் காவாலா' என்றும், இந்தியில் 'கவர் சாஹியே' என்றும் கேட்கப் பழகினேன். கன்னடமும் தெலுங்கும் எங்கள் பக்கத்து ஊர்களில் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தவை. இந்தி அங்கே வந்து கற்றுக்கொண்டது. ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்கள் வரத் தொடங்கியபோது கவரையே தூக்கிக் காட்டினேன். அது எல்லோருக்கும் புரிந்தது.

முதலில் வரிசையில் நிற்கிற எல்லோருடைய முகமும் எனக்குத் தெரியும். யார் வீட்டுக் குழந்தைக்கு எந்த பிஸ்கட் என்பது வரை தெரியும். பிறகு பாதிப் பேரைத் தெரிந்தது. கடைசியில், தெரிந்த முகம் ஒன்று வந்தால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் ஒரு பெண் பில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அக்கா, நீங்க தருமபுரி பக்கமா?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"என்னாட்டம் சின்னப் புள்ளையப் போயி வாங்க போங்கன்னு பேசறீங்களே. நான் பாலக்கோடுக்கா."

பின்னால் நின்றவர் கூடையால் இடித்தார். அந்தப் பெண் போய்விட்டாள். நானும் அடுத்த ஆளுக்குப் பில் போட்டேன். அவளை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அடுத்த தெருவிலேயே இருந்திருப்பாள்.

எங்கள் வீட்டு போர்வெல் வறண்டது. வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டார், அதுவும் வறண்டது. பிறகு டேங்கர் லாரித் தண்ணீர். லாரி எப்போது வரும் என்பதைப் பொறுத்துத்தான் குளிப்பதும் துவைப்பதும். அப்படியும் எங்களுக்கு அந்த ஊர்மேல் கோபம் இல்லை. அந்தக் கூட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்களையும் சேர்த்துத்தான் அது கூட்டம்.

கஷ்டம் வேறு வழியில் வந்தது. எங்களைச் சுற்றிக் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டுகிற இடங்கள் இன்னும் தள்ளிப் போயின. அவரும் அவற்றின் பின்னாலேயே போனார். ஆரம்பத்தில் நடந்துபோய் வேலை பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், பிறகு பைக்கில் சர்ஜாபூர் போனார். அப்புறம் ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஒரு இடம். அதற்கப்புறம் ஒசகோட்டைப் பக்கம். வேலை செய்கிற நேரத்துக்குச் சமமாக ரோட்டில் நின்றார். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் அவரைப் பார்க்கும்போது, முகம் கறுத்துப்போய் வேறு யாரோ போலத் தெரியும்.

குழந்தை நிற்காமல் பல வருடம் போயிருந்தது. ஊருக்குப் போனால் கேட்பார்களே என்று விசேஷங்களுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். பிறகு வயிற்றில் நின்றது. நகரத்துக்குள் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தோம். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகப் பேசுவார், அதற்காகவே அங்கே போனோம். ஒருமுறை காட்டிவிட்டு வர ஒரு முழுநாள் ஆகும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்றார். கர்ப்பப்பையின் வாயை ஒட்டி இருக்கிறதாம். "பயப்படாதீங்க. பெரும்பாலும் நாள் ஆக ஆக மேலே ஏறிடும். வேலைய விட்டுடுங்க, கனம் தூக்காதீங்க. ரத்தம் பட்டா மட்டும் உடனே வந்துடணும்."

திரும்பி வரும்போது பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நகராமல் நின்றது. 'உடனே' என்று டாக்டரம்மா சொன்னது எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு உடனே என்று ஒன்று கிடையாது. அவருக்கும் அதுதான் ஓடியிருக்க வேண்டும். ஹேண்டில்பாரை விட்டு ஒரு கையை எடுத்துப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார்.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அன்று அவர் போகவேண்டிய சைட்டில் லிஃப்ட் வேலை நடக்கிறது, தாமதமாக வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டில் இருந்தார். நான் பல் துலக்கிவிட்டு வந்தேன். காலில் ஈரம் பட்டது. தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

மேல் வீட்டில் குப்பம் ஊரைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். தெலுங்குக்காரர். அவர்தான் ஓடிப்போய்த் தெருமுனையிலிருந்து ஆட்டோவைக் கூட்டிவந்தார். ஒரு பழைய புடவையை மடித்து சீட்டில் போட்டு, என்னைச் சாய்த்து உட்காரவைத்து, தானும் ஏறப் பார்த்தார். இடமில்லை. "ஏமீ காது, ஏமீ காது" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவின் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம்.

ஓசூர் ரோட்டுக்கு வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய கூட்டமும் அன்றாடம் வேலைக்குப் போகிற கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. கம்பெனி பஸ், பள்ளிக்கூட வேன், கார், லாரி, இடுக்கில் எல்லாம் பைக். எல்லாமே ஒரே திசையைப் பார்த்து, நகரத்தைப் பார்த்து நின்றன. எங்களுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கிட்டத்தில் வரவும் இல்லை, தூரத்தில் போகவும் இல்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஆம்புலன்ஸே நகரவில்லை என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

ஆட்டோக்காரர் என் அப்பா வயது இருப்பார். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. அடிக்கடி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "எஷ்டு திங்களு?" என்று மெதுவாகக் கேட்டார். எத்தனை மாதம் என்று.

"ஐது," என்றேன்.

அவர் ஹாரனை அடித்தார். எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த ஹாரனில் அது யாருக்கும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் இறங்கி முன்னால் ஓடினார். கார் கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சினார். அவர்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கு முன்னாலும் இடமில்லை. கையை விரித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

நான் சாய்ந்தபடி வெளியே பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நடுவில் இருந்த தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. நகரத்தை விட்டு வெளியே போகிற பக்கம். ஒரு லாரி போனது. அதற்குப் பின்னால் வெகுநேரம் எதுவும் வரவில்லை. நிழல்கூட ரோட்டில் நீளமாக, யாரும் மிதிக்காமல் கிடந்தது.

"ஏங்க, ஓசூர் எவ்ளோ தூரம் இருக்கும்?"

அவருக்குப் புரியவில்லை. "ஓசூர் எதுக்கு இப்ப?"

"அங்கயும் ஆஸ்பத்திரி இருக்குதில்ல. அந்தப் பக்கத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். "ஃபைலு, ஸ்கேனு, டாக்டரு எல்லாம் அங்க இருக்குது. இங்க யாரு பாப்பாங்க, என்னன்னு தெரியாம…"

"அங்க போயி சேந்தாத்தானங்க டாக்டரு."

ஆட்டோக்காரருக்குத் தமிழ் புரிந்திருக்கிறது. திரும்பி, "ஓசூரு அர்த கண்டே சாக்கும்மா," என்றார். அரை மணி நேரம் போதும். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "திருகிஸ்லா?" என்று கேட்டார். திருப்பட்டுமா?

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

திருப்புவதும் லேசாக இல்லை. தடுப்புச் சுவரில் சற்று முன்னால் ஒரு இடைவெளி இருந்தது, ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவே பைக்குகள் நெருக்கி நின்றன. ஆட்டோக்காரர் இறங்கினார். துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு கன்னடத்தில் கத்தினார். ஹாரன் சத்தத்தில் கர்ப்பிணி, ரத்தம் என்ற இரண்டு வார்த்தைதான் எனக்குக் கேட்டது. ஹெல்மெட் போட்ட ஒருவர் பைக்கை விட்டு இறங்கிப் பின்னால் தள்ளினார். அவர் பின்னால் இருந்தவரும் தள்ளினார். லேப்டாப் பை மாட்டியிருந்த ஒரு பெண் ஸ்கூட்டரை நடைபாதைமேல் ஏற்றினாள். ஒரு சாப்பாட்டுப் பை கொண்டுபோகிற பையன் பக்கத்து வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகத் தட்டித் தட்டி நகர்த்தினான். யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் இல்லை. அத்தனை நேரம் எங்களை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டமேதான் எங்களுக்கு வழிவிட்டது. அந்த முகங்களில் ஒன்றிரண்டு என்னிடம் பில் போட்டுக்கொண்டு போன முகங்களாகக்கூட இருக்கலாம்.

இடைவெளியைத் தாண்டி மறுபக்கம் ஏறியதும் காற்று அடித்தது. ஆட்டோ அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் நாங்கள் மட்டும். எதிர்ப்பக்கம் அத்திபெலே வரைக்கும் வண்டிகள் அப்படியே நின்றன. அதில் பாதி நம் ஊர் நம்பர் போட்ட வண்டிகள்.

அத்திபெலே எல்லை வந்ததும் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். கர்நாடக ஆட்டோவுக்குத் தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர், "இங்கயே எறக்கிவுடுங்கண்ணா, வேற வண்டி பாத்துக்கறோம்," என்றார். ஆட்டோக்காரர் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். ஓரமாகக் கொஞ்ச தூரம் போய், யாரும் நிறுத்தவில்லை என்று தெரிந்ததும் மறுபடி முறுக்கினார்.

ஓசூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரி சின்னது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நர்ஸ் என்னைப் படுக்கையில் ஏற்றிவிட்டார். டாக்டர் வந்தார், ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் வைத்து அழுத்தி நகர்த்தினார். நான் அவருடைய கண்ணையே பார்த்தேன். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினார். அறை முழுக்க ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் எங்கேயோ தையல் மெஷின் நிற்காமல் ஓடுகிறது போல.

"கேக்குதாம்மா? நல்லா இருக்குது," என்றார். "ரத்தமும் நிக்கற மாதிரிதான் தெரியுது. ஒரு நாலஞ்சு நாள் இங்கயே படுத்திருங்க."

என் வீட்டுக்காரர் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டு முகத்தைச் சட்டையில் துடைத்தார். கொஞ்சநேரம் கழித்து வெளியே போனார். ஆட்டோக்காரர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். மகு சௌக்கியமா என்று கேட்டிருக்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறது என்று இவர் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். எல்லையில் பிடிப்பதற்குள் திரும்ப வேண்டும் என்று அவசரம் அவருக்கு. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

தகவல் கேட்டு என் அக்காவும் மாமாவும் அன்றைக்கே வந்தார்கள். அவர்களுக்கு வீடு தருமபுரியை ஒட்டி, அதியமான்கோட்டையில். மாமா ஹைவேயில் டயர் கடை வைத்திருக்கிறார். நாலைந்து நாள் கழித்து டாக்டர் அனுப்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எங்க வேணா இருங்க. ஆஸ்பத்திரி பத்து நிமிசத்துல எட்டணும். அவ்ளோதான்."

அக்கா என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னிடம் சொல்வது போல, "எங்க வூட்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிசங்கூட ஆவாது," என்றாள்.

அவர், "கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணி," என்றார்.

ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகப் போகிற ரோட்டில் மாமா காரை மெதுவாக ஓட்டினார். பின் சீட்டில் படுத்துக்கொண்டு போனதால் எனக்கு மேலே இருந்தவை மட்டும் தெரிந்தன. மின்கம்பி, தென்னை மட்டை, மாமரத்தின் உச்சி, நிறைய வானம். எந்த ஊர் வருகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே வண்டி வந்தால் மாமா ஒதுங்குவார். அதுவும் எப்போதாவதுதான். நான் தூங்கிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

அக்கா வீட்டில் எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. படுத்திருப்பதுதான் வேலை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஆரம்பத்தில், ஓடுகிற குழாயை மூடாமல் விட்டுவிட்டுப் போகிற அக்காவைப் பார்த்தால் மூடு மூடு என்று கத்துவேன். அக்கா சிரிப்பாள்.

என் வீட்டுக்காரர் பெங்களூர் திரும்பிப் போனார். பாதியில் நிற்கிற வேலைகள் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வருவார். உட்கார இடம் கிடைக்காமல் கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே வந்தேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அதே கூட்டத்தோடு ஏறுவார். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்.

"ஏன் சகல, இங்கயே வேல பாக்கக்கூடாதா?"

"இங்க யாருங்க சகல ஜன்னல் போடறாங்க. நான் கத்துக்கிட்ட காலத்துல மாசத்துக்கு ஒரு வூடு வந்தாப் பெருசு."

"அது அப்ப. வெளிய வந்து பாருங்க."

மாமா அவரை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் மனை போட்டிருந்தார்கள். நான் காரில் படுத்துக்கொண்டு வந்ததால் பார்க்காமல் விட்டது அது. பாதி எழும்பிய வீடுகள். ஜன்னல் வரவேண்டிய இடங்கள் ஓட்டையாக நின்றன. திரும்பி வந்தவர் முகம் யோசனையில் இருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பாயப் பாத்துட்டு வர்றன்."

கண்ணாடிக் கடை பாய் இவரை மறக்கவில்லை. கடை இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. இவர் பேச்சை எடுப்பதற்கு முன்பே, "உங்கள மாதிரி வேல தெரிஞ்ச ஆளெல்லாம் பெங்களூருக்குப் போயிட்டா நான் என்னப்பா பண்றது? ஆர்டர வாங்கி வச்சிக்கிட்டு முழிக்கறன்," என்றாராம். அவர் கொடுத்த முதல் வேலை அந்தப் பாலக்கோடு ரோட்டில் ஒரு வீடு. சொந்தக்காரர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார், வயசான காலத்தில் வந்து இருக்கலாம் என்று கட்டுகிறார். போனில் பேசும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். எங்கள் சந்தாபுரா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி.

"வண்டிச் சத்தம் உள்ள வரக்கூடாதுங்க, ரெட்டைக் கண்ணாடியா போட்டுடுங்க," என்று அந்த மனிதர் சொன்னதை இவர் எங்களிடம் சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு ஸ்கேன் எடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. சிரிக்கும்போதுகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தேன்.

எட்டாம் மாத ஸ்கேனுக்கு அவரும் வந்தார். படம் எடுத்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ விலாசம் சொல்வது போலச் சாதாரணமாக, "நஞ்சு மேல ஏறிடுச்சு. பிரச்சனை ஒண்ணும் இல்ல. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க," என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். அவர்தான் கையைப் பிடித்து எழுப்பினார். வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்த மாதத்திலேயே சந்தாபுரா வீட்டைக் காலி செய்தோம். நான் போகவில்லை. மாமாவின் நண்பர் ஒருவரின் மினி லாரியில் என் வீட்டுக்காரர் போய்ச் சாமான்களை ஏற்றினார். திரும்பி வந்து சொன்னார். பீரோவை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்துக் குடிவருகிறவர்கள் தெருவில் சாமானோடு வந்து நின்றுவிட்டார்களாம். ஒடிசாப் பக்கம். புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர். ஒரு கட்டில், ஒரு ஃபேன், இரண்டு பெட்டி. இவர் கடைசிப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைக்க, அவர்கள் முதல் பாத்திரத்தை உள்ளே வைத்தார்களாம். மேல் வீட்டு அக்கா எனக்காக ஒரு டப்பாவில் எள்ளுருண்டை கொடுத்துவிட்டிருந்தார்.

"டேங்கர்க்காரரு நம்பர அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்தன். ஓசூர் ஆஸ்பத்திரி நம்பரையும் குடுத்தன்," என்றார். "என்னாத்துக்குன்னு அவங்களுக்குப் புரியல. வச்சிக்கங்கன்னு சொன்னன்."

எனக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். மாமா கடையிலிருந்து வந்து காரை எடுத்தார். என் வீட்டுக்காரர் சைட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றார். அதைப் பார்த்ததும் வலிக்கு நடுவிலும் எனக்கு ஒரு நிம்மதி. இருட்டுவதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. கத்திய கத்தலில் நர்ஸ், "ஊரக் கூட்டிடுவா போல," என்றார்.

இப்போது நாங்கள் அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். வருமானம் அங்கே வந்த அளவுக்கு இல்லை. இங்கேயும் மனை வளர்ந்துகொண்டேதான் போகிறது. அக்கா வீட்டுக்குப் பின்னால் கடலை போட்டிருந்த காட்டில் போன மாதம் கல் நட்டார்கள். இதுவும் ஒருநாள் அப்படி ஆகிவிடுமோ என்று சில சமயம் நினைப்பு வரும். ஆகலாம். ஆனால் அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெடுவதில்லை.

நேற்று மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். கைகழுவிவிட்டு, குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் என்று படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். முடியில் அலுமினியத் தூள் மினுங்கியது. குழந்தை அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் போன் அடித்தது. சைட்டிலிருந்து. எடுத்தேன்.

"அண்ணன் இல்லீங்களாக்கா?"

"இருக்கறாரு. தூங்கறாரு. ஒரு அர மணி நேரங் கழிச்சிப் பேசச் சொல்றன்," என்று சொல்லிவிட்டு, போனைச் சத்தம் வராமல் வைத்துக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.